திரிமால்கியோவின் கல்லறைத் தோட்டம்

அங்கத நூலொன்றைக் கற்போர் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர் யாரைக் கண்டு நகைக்கிறார் என்பது முதல் வினா. அவரிடத்து எதனைக் கண்டு நகைக்கிறார் என்பது இரண்டாம் வினா. முதலாவதற்கு விடை நூலிலேயே எளிதிற் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு விடை காண, அந்நூல் பிறந்த காலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர் என்பதையும் அறிந்துவருதல் வேண்டும். அவ்வாறு அறியாமற் சிரிப்போர், ஆசிரியர் சிரிக்காத இடத்தில் தாம் சிரித்து, அவர் சுட்டிய குற்றத்தைக் காணாமற் போவதும் உண்டு. பழைய உரோம நாட்டில் எழுந்த ஓர் அங்கதக் கதையில் வரும் கல்லறைக் காட்சி இதற்குத் தக்க சான்றாகும்.

நூலும் ஆசிரியரும்

இலத்தீன் மொழியில் நமக்குக் கிடைத்துள்ள பழைய உரைநடைக் கதைகளுள் ஒன்று 'சத்திரிக்கோன்'. அதனை இயற்றியவர் பெட்ரோனியஸ். நீரோ மன்னனின் அவையில் இன்ப நுகர்ச்சிகளுக்கு நடுவராக விளங்கி, பின்னர் மன்னனின் ஐயத்துக்கு ஆளாகி, கி.பி. 66-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட பெட்ரோனியஸே இவர் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொண்ட முடிபு. நூல் முழுமையாகக் கிட்டவில்லை. கிடைத்துள்ள பகுதிகளுள் நீண்டதும் சிறந்ததும் 'திரிமால்கியோவின் விருந்து' என்பதாகும். அதுவும் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. ஏறத்தாழ 1650-ஆம் ஆண்டில் தால்மேசியக் கடற்கரையிலுள்ள திரோகிர் என்னும் ஊரில் அதன் கையெழுத்துப்படி கண்டெடுக்கப்பட்டது. 1664-இல் பாதுவா நகரில் அச்சேறியது.

கதைத்தலைவன் திரிமால்கியோ ஆசியாவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்ட அடிமை. தலைவனின் அன்பைப் பெற்று, கணக்கும் கற்று, இறுதியில் அவன் சொத்தில் பங்கும் பெற்று விடுதலை அடைந்தவன். ஐந்து கப்பல்களில் சரக்கேற்றி அனுப்பினான். ஐந்தும் கடலில் மூழ்கின. மீண்டும் கப்பல் கட்டினான். இம்முறை பெரும்பொருள் ஈட்டினான். செல்வம் வந்தபின் அவன் அளிக்கும் விருந்தே கதை. தவறான புராணச் செய்திகளை அறிஞர்போல் பேசுவான். வெள்ளித் தட்டு கீழே விழுந்தால் குப்பையோடு கூட்டித் தள்ளச் சொல்லுவான். ஆகவே புதுப்பணக்காரனுக்கு அவன் பெயரே மறுபெயராயிற்று. 1925-இல் வெளிவந்த 'கிரேட் கேட்ஸ்பி' என்னும் அமெரிக்க நாவலுக்கு அதன் ஆசிரியர் பிட்ஸ்ஜெரால்டு முதலில் எண்ணிய தலைப்புகளுள் ஒன்றில் திரிமால்கியோவின் பெயர் இருந்தது.

விருந்தின் நடுவே ஒரு கல்லறை

மது மிகுந்த நேரத்தில் திரிமால்கியோ தன் உயிலைக் கொண்டுவரச் சொல்லி அவையில் படிக்கச் செய்கிறான். அதற்கு முன்னர் ஒரு செய்தி கூறுகிறான்: அடிமைகளும் மனிதரே, அவர்களும் நம்மைப் போன்றே பால் குடித்து வளர்ந்தவர்கள், கெட்ட விதி அவர்களை அழுத்திவிட்டது, தன் உயிலில் அவர்கள் அனைவருக்கும் விடுதலை உண்டு. இவ்வாறு கூறிய பின், விருந்தினனாக வந்திருக்கும் கல்தச்சன் ஹாபின்னாஸை நோக்கித் தன் கல்லறை எப்படி அமையவேண்டும் என்று விளக்கத் தொடங்குகிறான்.

முகப்பு நூறு அடி. உள்ளாழம் இருநூறு அடி. தன் சாம்பலைச் சுற்றி எல்லாவகைப் பழமரங்களும், நிறையத் திராட்சைக் கொடிகளும் வேண்டும். உயிரோடிருக்கும்போது வாழும் வீட்டை அழகுசெய்துவிட்டு, அதனினும் நெடுங்காலம் தங்கவேண்டிய வீட்டை மறந்துவிடுவது தவறு என்பது அவன் வாதம். தன் சிலையின் காலடியில் நாய்க்குட்டி, பாய்விரித்துச் செல்லும் கப்பல்கள், ஊர்மக்களுக்குப் பையிலிருந்து பணம் கொட்டும் தன் உருவம், வலப்பக்கம் மனைவி ஃபோர்த்துனாத்தாவின் சிலை, நடுவில் ஒரு மணிகாட்டி. நேரம் பார்க்க வருவோர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தன் பெயரைப் படித்தே தீரவேண்டும் என்பதற்காக அம்மணிகாட்டி! வழிப்போக்கர் கல்லறையை அசுத்தம் செய்யாதபடி, தான் விடுதலை செய்த ஒருவனைக் காவலனாக வைக்கப்போகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கல்லறை வாரிசின் உடைமையாகச் செல்லாது என்னும் வாசகம் பொறிக்கப்படவேண்டும். கூறி முடித்ததும் அவன் அழுகிறான், மனைவி அழுகிறாள், ஹாபின்னாஸ் அழுகிறான், வீட்டார் யாவரும் இழவு வீட்டுக்கு வந்தவர்போல் அழுகின்றனர்.

இக்காட்சியைப் படித்தோர் பலர், பணத்திமிர் கொண்ட பேதை ஒருவனின் வீண் ஆசை என்று இதனைத் தீர்ப்பிட்டனர். பழமரமும் கொடியும் கப்பலும் காவலனும் மணிகாட்டியும் ஒரே சிரிப்பிற் கரைந்துவிட்டன. இத்தீர்ப்பு சரியானதா என்பதை அக்காலத்துக் கற்களைக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

கற்கள் கூறும் சான்று

ஊருக்குள் பிணத்தைப் புதைப்பதும் எரிப்பதும் ஆகா என்பது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தின் விதி. ஆகவே உரோமர் தம் கல்லறைகளை ஊர்வாயிலுக்கு வெளியே, பெருவழிகளின் இருமருங்கும் கட்டினர். போவார் வருவார் கண்ணிற்படுவதே அவற்றின் நோக்கம். கல்லறையின் அளவை முகப்பு இத்தனை அடி, உள்ளாழம் இத்தனை அடி என்று எல்லைக்கல்லில் பொறிப்பது பொதுவழக்கு. பன்னிரண்டடிச் சதுரம் போன்ற சிறு மனைகளே மிகுதி. திரிமால்கியோ கேட்டது அவற்றினும் மிகப் பெரிது என்பது உண்மை. ஆயினும் அது அரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவே. ஓர் இணை எருது ஒரு நாளில் உழும் நிலம் என்று உரோமர் கணக்கிட்ட 'ஜூகெரம்' என்னும் அளவையைக்கூட அது எட்டவில்லை.

கப்பலுக்கும் சான்று உண்டு. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் ஒரு வாயிலுக்கு வெளியே நேவோலேயா தீக்கே என்பவளின் கல்லறை நிற்கிறது. அவள் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள். அவள் கல்லறையின் ஒரு பக்கத்தில் கப்பல் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. மாலுமிகள் பாயைச் சுருட்டுகின்றனர். முன்பக்கத்தில் மக்கள் கூடிநிற்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அதனை மக்களுக்குப் பொருள் வழங்கும் காட்சி என்று பலர் கொள்வர். பெட்ரோனியஸ் தம் கதைக்குத் தேடிய பொருள்கள் இரண்டு இங்கே ஒரே கல்லறையில் உள்ளன. வேற்றுமை ஒன்றே: திரிமால்கியோவின் கப்பல் பாய்விரித்து ஓடுகிறது, தீக்கேயின் கப்பல் துறைசேர்ந்து பாய் இறக்குகிறது.

தொழிலைக் காட்டிக்கொள்ளுதலும் புதிதன்று. உரோம நகரின் போர்த்தா மஜ்ஜோரே வாயிலருகே யூரிசேசஸ் என்னும் ரொட்டிக்காரரின் கல்லறை உளது. மாவரைத்தல், பிசைதல், சுடுதல், நிறுத்தல் ஆகிய வேலைகள் அனைத்தும் அதன் மேற்புறத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்துக் கோட்டை வாயிலுக்குள் மறைந்திருந்த அக்கல்லறை 1838-இல் வெளிப்பட்டது.

காவலனை வைத்ததும் மிகையன்று. பெரூஜியா நகர அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. நீரோவின் முதல் மனைவியான ஒக்தாவியாவால் விடுதலை பெற்ற கிளாடியா பெலோரிஸ் என்பவளும், மன்னரால் விடுதலை பெற்ற யூட்டிக்கஸ் என்பவரும் அமைத்த கல்லறையின் வரைபடம் அதில் அளவுகளோடு செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லறையோடு அதனைக் காப்போர்க்கான கட்டடமும் அப்படத்தில் உண்டு என்பது அறிஞர் கருத்து. இது பெட்ரோனியஸ் வாழ்ந்த காலத்தைச் சார்ந்தது. கல்லறையருகே அசுத்தம் செய்யவேண்டா என்று வழிப்போக்கரை வேண்டும் கல்வெட்டுகளும் உண்மையாகவே கிடைத்துள்ளன.

பழமரம் எதற்கு?

கல்லறையைச் சுற்றிப் பழமரம் கேட்பது பெருந்தீனிக்காரனின் இறுதி ஆசை என்று கருதத் தோன்றும். உரோமர் வழக்கை அறிந்தால் அக்கருத்து நில்லாது. தோட்டம் சூழ்ந்த கல்லறைக்கு அவர்கள் கிரேக்க மொழியிலிருந்து எடுத்த 'கெப்போத்தாபியம்' என்னும் தனிப்பெயரே வழங்கினர். பழத்தோட்டம், திராட்சைக் கொடி, கிணறு, நீர்த்தொட்டி, அமர்ந்து உண்ணும் இடம் ஆகியவை கல்வெட்டுகளிற் பேசப்படுகின்றன. பிப்ரவரி 13 முதல் 21 வரை இறந்தோரை நினைவுகூரும் நாட்கள். அந்நாட்களில் உறவினர் கல்லறைக்கு வந்து படையலிடுவர். ரோசா மலரும் வயலட் மலரும் சூட்டும் நாட்களும் வேறாக உண்டு. மதுவுக்கும் மலருக்கும் விளக்கெண்ணெய்க்கும் பணம் வேண்டுமே. அப்பணத்தை அத்தோட்டத்தின் விளைவே தரும். செத்தவனின் பழமரம் அவன் திதியைத் தானே நடத்திவைத்தது என்று சொல்லலாம்.

அங்கேதான் சட்டச் சிக்கல் எழுந்தது. உரிமையோடு ஒருவரை அடக்கம் செய்த இடம் புனித நிலமாகிவிடும்; அதனை எவரும் விற்கவோ வாங்கவோ இயலாது. ஆனால் உடல் கிடக்கும் அளவே புனிதமாகும். கல்லறைக்கென்று ஒதுக்கிய நிலம் முழுவதும் ஆகாது என்பது உரோமச் சட்ட அறிஞர் துணிபு. எனவே சுற்றியுள்ள தோட்டம் விலைபோகக்கூடும். தோட்டம் போனால் படையல் போகும். பின்னர் வழியும் அடைபடும். இதனாலேயே வாரிசின் உடைமையாகச் செல்லாது என்னும் வாசகம் கல்லில் ஏறியது. எல்லோரும் அறிந்த வாசகமாதலின் முதலெழுத்துகளை மட்டும் பொறித்தாலும் போதுமானதாயிற்று. நிலம் கைமாறினும் கல்லறைக்குச் சென்றுவரும் வழியுரிமை மாறாது என்றும், மீறுவோர் பொதுக் கருவூலத்துக்குத் தண்டம் கட்டவேண்டும் என்றும் பலர் பொறித்தனர். திரிமால்கியோ தன் தோட்டத்தைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் அவ்வாசகத்தைக் கேட்டது, குடிவெறியிற் பிதற்றியதன்று. சட்டம் அறிந்த கணக்கன் கேட்டது.

பெயரும் குடும்பமும்

உரோமச் சட்டத்தில் அடிமைக்குத் தந்தை இல்லை. சட்டப்படியான மனைவி இல்லை. அவன் பிள்ளைகள் அவனுடையவர் அல்லர். குடிமகன் தன் பெயரோடு இன்னாரின் மகன் என்று எழுதுவான். விடுதலை பெற்றவனோ அவ்விடத்தில் இன்னாரால் விடுதலை பெற்றவன் என்றே எழுதவேண்டும். அவனுக்குக் கிடைக்கும் குடும்பப் பெயரும் பழைய தலைவனின் பெயரே. நகராட்சிப் பதவிகள் அவனுக்கு எட்டா. மன்னர் வழிபாட்டுக்குரிய அறுவர் குழு போன்ற சில சிறப்புகளே அவனுக்குத் திறந்திருந்தன.

அத்தகையோர்க்கு 'என் குடும்பம்' என்று ஊரறியச் சொல்லக் கிடைத்த இடம் கல்லறை. ஒஸ்தியாவுக்கும் போர்த்துஸ் துறைமுகத்துக்கும் இடையே 'ஈசோலா சாக்ரா' என்னும் இடுகாடு உளது. குய்தோ கல்சா என்னும் அகழ்வாய்வாளர் 1925-ஆம் ஆண்டு முதல் அதனை வெளிப்படுத்தினார். அங்குள்ள கல்லறைகள் சிறு வீடுகள் போன்றவை. கதவு உண்டு, கதவின் மேல் பெயர்ப்பலகை உண்டு, சிலவற்றின் வாயிலில் சாய்ந்து உண்பதற்கான திண்ணைகளும் உண்டு. பெயர்ப்பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று: தனக்கும், தன் துணைக்கும், தன் மக்களுக்கும், தான் விடுதலை செய்த ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இது உரியது என்பதே அச்செய்தி. பொம்பெயியின் நேவோலேயா தீக்கேயும் அவ்வாறே எழுதினாள்: தான் உயிரோடிருக்கும்போதே, தனக்கும் முனாத்தியஸ் ஃபாஸ்டஸுக்கும், தங்கள் இருவராலும் விடுதலை பெற்றோர்க்கும் கட்டியதாக.

முந்தையோர் பெயரில்லாதவர்கள் பிந்தையோர்க்குத் தம் பெயரைக் கொடுத்தார்கள். இரத்த உறவு இல்லாத இடத்தில் ஒரே கதவுக்குள் கிடப்பதே உறவாயிற்று. உரோமர் கல்லறைகளைக் குடும்பத்துக்குரியவை, வாரிசுக்குரியவை என இருவகையாகச் சட்ட நூலார் பகுத்ததன் பயன் இங்கே விளங்கும். வாரிசு சொத்தை எடுத்துக்கொள்ளட்டும். கல்லறை மட்டும் பெயர் தாங்கியவர்களோடு நிற்கட்டும் என்பதே குடும்பக் கல்லறையின் கருத்து.

பெரியோர் விரும்பியபோது

இவ்விருப்பம் அடிமைக்குலத்தார்க்கே உரியதா எனின், அன்று. நாவலர் சிசரோ கி.மு. 45-ஆம் ஆண்டு தம் அருமை மகள் துல்லியாவை இழந்தார். அவளுக்கு ஒரு கோயில் எழுப்ப இடம் தேடித் தம் நண்பர் அத்திக்கஸுக்கு மடல்மேல் மடல் வரைந்தார். தைபர் ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டங்களின் விலையை ஆராய்ந்தார். உடையவர் எத்துணை முறை மாறினும் அந்த இடம் புனிதமாகவே நிற்கவேண்டும் என்பது அவர் கவலை. கல்லறைச் செலவுக்கு வரம்பிட்ட சட்டத்தை எண்ணியும் அவர் வருந்தினார். தோட்டம், நிலையான உரிமை, வாரிசு பற்றிய அச்சம் ஆகிய மூன்றும் திரிமால்கியோ கேட்டவையே. சிசரோவின் மடல்களைப் படித்து எவரும் நகைப்பதில்லை, நெஞ்சம் உருகுகின்றனர்.

காலியா நாட்டின் லிங்கோனர் இனத்துச் செல்வர் ஒருவரின் உயிலும் இங்கு நினைக்கத்தக்கது. கல்லிற் பொறித்த அவ்வாசகத்தின் ஒரு பகுதி இடைக்காலக் கையெழுத்துப்படி ஒன்றால் பிழைத்தது. நினைவு மண்டபம், அமர்ந்த நிலையில் சிலை, பழத்தோட்டம், குளம் ஆகியவற்றை அவர் வகுத்துள்ளார். தோட்டத்தைப் பேண மூன்று தோட்டக்காரரையும் அவர்களிடம் தொழில் பயில்வோரையும் நியமித்து, ஆண்டுக்கு இத்தனை படி கோதுமை என்று கூலியும் விதித்துள்ளார். திரிமால்கியோ ஒரு காவலனோடு நின்றான்!

ஏழைகளின் நிலை என்ன? ஹோரஸ் என்னும் கவிஞர் தம் அங்கதப் பாடல்களின் முதல் நூலில் எஸ்குயிலின் குன்றைக் காட்டுகிறார். ஒருகாலத்தில் அது ஏழை மக்களின் பொது இடுகாடு. இறந்த அடிமையை உடன் அடிமையே கூலி கொடுத்து மலிவான பெட்டியில் சுமந்து செல்லச் செய்யும் இடம். அவ்விடத்தில் செல்வர் மைசீனஸ் பூந்தோட்டம் அமைத்தார். மக்கள் உலாவும் நல்லிடமாயிற்று. 1870-ஆம் ஆண்டுகளில் அக்குன்றில் அகழ்ந்தபோது பழைய பிணக்குழிகள் வெளிப்பட்டன. ஆக, ஏழையின் பிணத்தின்மேல் செல்வரின் தோட்டம் எழுந்தால் அது நகர் நலம். முன்னாள் அடிமை தன் பிணத்தைச் சுற்றித் தோட்டம் கேட்டால் அது நகைப்பு. திரிமால்கியோவின் முழுப்பெயரில் மைசீனஸின் பெயரும் ஒட்டியிருப்பது எண்ணத்தக்கது.

விடுபட்ட வரி

இங்ஙனம் ஒப்பிட்டுப் பார்க்குமிடத்து, திரிமால்கியோ கேட்டவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்து நல்வழக்கே என்பது புலனாகும். மணிகாட்டியின் தந்திரமும் புகழுரையின் நீளமும் மிகை, அவை சிரிப்புக்குரியவை. விடுதலை பெற்றோர் கட்டிய நினைவுச் சின்னங்களையெல்லாம் திரிமால்கியோவின் கண்ணாடி வழியாகவே பார்க்கும் பழக்கத்தை லாரன் ஹாக்வொர்த் பீட்டர்சன் 2006-இல் வெளியிட்ட நூலில் மறுத்துள்ளார். கதையைக் கொண்டு கல்லைப் பழித்தல் பிழை என்பது அவர் வாதத்தின் சாரம். அது முற்றிலும் ஏற்கத்தக்கது. ஆனால் அத்தோடு நின்றுவிடாமல், கல்லைக் கொண்டு கதையையும் மீண்டும் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிப்போர்க்கு ஒரு குறை தென்படும். திரிமால்கியோவின் கல்லறையில் அவன் இருக்கிறான், மனைவி இருக்கிறாள், செல்லச் சிறுவன் இருக்கிறான், நாயும் இருக்கிறது. ஈசோலா சாக்ராவின் கதவுகள்தோறும் காணும் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. விடுதலை பெற்றோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் என்று அவன் சொல்லவில்லை. விடுதலை பெற்ற ஒருவனுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் வாயிலில் காவலனாக! அடிமைகளும் மனிதரே என்று பேசி, அவர்கள் அனைவருக்கும் விடுதலை அறிவித்த வாய் இன்னும் மூடவில்லை. அதற்குள் அவர்களைக் கல்லறைக்கு வெளியே நிறுத்திவிட்டான்.

இது பெட்ரோனியஸின் மறதி என்று கொள்ளலாகாதா எனின், கொள்ளுதல் அரிது. அடியளவு, வாரிசு பற்றிய வாசகம், காவல் ஆகிய நுட்பங்களையெல்லாம் பிழையின்றி எடுத்தாண்டவர், யாவரும் அறிந்த அந்த வரியை அறியாதிருந்தார் என்பது பொருந்தாது. மேலும், சற்று நேரத்திலேயே கணவனும் மனைவியும் பூசலிடுகின்றனர்; மனைவியின் சிலையும் வேண்டா, செத்த பிறகும் சண்டை எதற்கு என்கிறான் திரிமால்கியோ. முதலில் வீட்டார் விடுபட்டனர். பின்னர் மனைவியும் விடுபட்டாள். நூறடிக்கு இருநூறடி நிலத்தில் இறுதியாக எஞ்சுபவன் அவன் ஒருவனே.

ஆகவே பெட்ரோனியஸ் நகைப்பது அடிமை ஒருவன் கல்லறை கேட்டதை அன்று. பழமரம் கேட்டதையும் அன்று. பலர்க்கெனத் திறந்த கதவைத் தன் ஒருவனுக்கே அடைத்துக்கொண்டதை நகைக்கிறார். இப்பொருளைக் கொண்டால், வீட்டார் அழுத அழுகைக்கும் வேறு பொருள் தோன்றும். அழுதவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் இடமில்லை.

இக்கதையைப் பிறருக்குக் கற்பிப்போர் மணிகாட்டியைக் காட்டிச் சிரிக்க வைப்பதோடு அமையாமல், நேவோலேயா தீக்கேயின் கல்வெட்டையும் அருகில் வைத்துக் காட்டுதல் நன்று. அவளும் அடிமையாயிருந்தவள், அவளும் கப்பலைச் செதுக்கினாள், அவளும் தன் பெயரைப் பெரிதாகப் பொறித்தாள். ஆனால் அப்பெயருக்குக் கீழே மற்றவர்களுக்கும் ஒரு வரி எழுதினாள். கதையில் விடுபட்ட வரி அதுவே.